சரளைக் குழியில் கிடைத்த கோடரி

சாலை போடுவதற்காகத் தெருவோரம் குவித்து வைத்திருக்கும் சரளைக் கற்கள் மீது நீங்கள் ஏறி விளையாடியிருப்பீர்கள். வழுவழுப்பான கல் கிடைத்தால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டில் திட்டும் வாங்கியிருப்பீர்கள். அப்படி ஒரு சரளைக் குவியலில் ஒரே ஒரு கல்லைப் பார்த்து, நம் நாட்டில் மனிதர்கள் வாழ்ந்த வரலாற்றையே பல லட்சம் ஆண்டுகள் பின்னால் கொண்டுபோனவர் ஒருவர் இருந்தார். அந்தக் குவியல் கிடந்த இடம் வேறெங்கும் இல்லை, சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் பல்லாவரம்தான்!

அவர் பெயர் ராபர்ட் புரூஸ் ஃபூட். ஆங்கிலத்தில் 'ஃபூட்' என்றால் பாதம். அவருடைய பெயரைக் கடைசியில் ஓர் எழுத்துக் கூட்டி எழுதுவார்கள். ஆனாலும் பெயருக்கு ஏற்றபடி நடந்தே பாதி தென்னிந்தியாவைப் பார்த்தவர் அவர்.

இங்கிலாந்தில் செல்டன்ஹாம் என்ற ஊரில் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி ஃபூட் பிறந்தார். 24 வயதில், 1858-ஆம் ஆண்டு, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை கிடைத்துக் கப்பல் ஏறினார். சென்னை மாகாணத்தில் பணி.

நிலவியலாளருக்கு என்ன வேலை? எந்த ஊரில் என்ன பாறை இருக்கிறது, எந்த மண்ணுக்கு அடியில் எந்த மண் இருக்கிறது, எங்கே நிலக்கரி கிடைக்கும், எங்கே தங்கம் கிடைக்கும் என்று தேடிப் பார்த்து வரைபடம் போடுவது. மழை நின்றதும் கூடாரத்தை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். நடந்தும் குதிரை மேலும் ஊர் ஊராகப் போவார்கள். வெயிலில் காய்ந்து கறுத்துத் திரும்பி வந்து, அறிக்கை எழுத உட்கார்வார்கள். அடுத்த ஆண்டு மறுபடியும் கூடாரம்தான்.

பூமிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க அந்தக் காலத்தில் பெரிய இயந்திரங்கள் கிடையாது. அதனால் பூமி எங்கெல்லாம் தானாகவே வாய் திறந்து காட்டுகிறதோ, அங்கெல்லாம் போய்ப் பார்க்க வேண்டும். ஆறு அரித்த கரை, மழைத் தண்ணீர் அறுத்த ஓடை, மலைக் குகை... இவை இயற்கை திறந்து வைத்த ஜன்னல்கள். மனிதர்கள் திறந்து வைத்தவையும் உண்டு. கிணறு வெட்டிய பள்ளம், கல்குவாரி, சாலைக்குச் சரளை தோண்டி எடுத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டுப் போன குழி. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகும் அந்தக் குழிகளை ஃபூட் விடவே மாட்டார். இறங்கிப் பார்ப்பார்.

இந்த இடத்தில் கொஞ்சம் பிரான்ஸ் நாட்டுக்குப் போய்விட்டு வருவோம். ஃபூட்டின் கண்ணைத் திறந்த சேதி அங்கிருந்துதான் வந்தது.

அங்கே சொம் என்ற ஆறு ஓடுகிறது. அதன் கரையில் உள்ள அபவில் என்ற ஊரில் பூஷே தெ பெர்த் என்பவர் சுங்க அதிகாரியாக இருந்தார. சரளைக் குழிகளில் வேலை செய்தவர்களிடமிருந்து விசித்திரமான கற்களை வாங்கிச் சேர்ப்பது அவருடைய பழக்கம். அந்தக் கற்கள் மனிதன் செதுக்கிய கருவிகள் என்று அவர் எழுதினார். அதே மண் அடுக்கில், இன்று உலகத்திலேயே இல்லாத மிருகங்களின் எலும்புகளும் கிடைத்தன. அப்படியென்றால் அந்த மிருகங்கள் வாழ்ந்த காலத்திலேயே மனிதனும் வாழ்ந்திருக்க வேண்டுமே! ஆனால் உலகம் தோன்றியே சுமார் ஆறாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன என்று ஐரோப்பாவில் பலர் நம்பிய காலம் அது. பெரிய பெரிய அறிஞர்கள் எல்லாம் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

1859-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து பிரெஸ்ட்விச், எவன்ஸ் என்ற இருவர் நேரிலேயே வந்தார்கள். பக்கத்தில் உள்ள செயின்ட் அஷுல் என்ற இடத்தில், சரளைச் சுவரில் ஒரு கற்கோடரி பதிந்திருப்பதைக் கண்ணால் பார்த்தார்கள். புகைப்படமும் எடுத்தார்கள். அதன்பிறகு சிரிப்பு நின்றது.

இந்தச் செய்தி இந்தியாவில் இருந்த ஃபூட்டையும் எட்டியது. பிரான்சில் கிடைத்தது இங்கே ஏன் கிடைக்காது? அந்தக் கேள்வி அவர் மனதில் உட்கார்ந்துவிட்டது. அதற்காக அவர் வேலையை விட்டுவிட்டுப் புதையல் தேடக் கிளம்பவில்லை. வழக்கமாகப் பார்க்கும் குழிகளையே இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். அவ்வளவுதான்.

1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி. சென்னையின் கத்திரி வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைய பல்லாவரத்தில் விமான நிலையம் இல்லை, மேம்பாலம் இல்லை. ராணுவக் குடியிருப்பும், சிப்பாய்கள் அணிவகுக்கும் திடலும், சுற்றிலும் குன்றுகளும் இருந்தன. திடலுக்குப் பக்கத்தில் சரளை தோண்டிய சிறிய குழி ஒன்று. குழியிலிருந்து அள்ளி வெளியே கொட்டிய செம்மண் சரளையில் ஒரு கல் ஃபூட்டின் கண்ணில் பட்டது.

பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது வெறும் கல்லாகத்தான் தெரிந்திருக்கும். ஃபூட்டுக்கு மட்டும் ஏன் வேறு மாதிரி தெரிந்தது? இதைத் தெரிந்துகொள்வது சுவையானது. ஒரு கல் மலையிலிருந்து உருண்டு விழுந்தால் எப்படி வேண்டுமானாலும் உடையும். மனிதன் உடைத்தால் அதில் ஒரு கணக்கு இருக்கும். ஒரு பக்கம் தட்டி ஒரு சில்லு எடுப்பான். கல்லைத் திருப்பி மறுபக்கம் தட்டி இன்னொரு சில்லு எடுப்பான். சில்லு பெயர்ந்த ஒவ்வொரு இடத்திலும் சிப்பியின் உட்புறம் போலச் சின்னக் குழிவு விழும். இரண்டு பக்கமும் இப்படித் தட்டிக்கொண்டே வந்தால் ஓரம் கூர்மையாகும். நுனி குறுகி, அடி அகன்று, இலை வடிவமோ பேரிக்காய் வடிவமோ வந்துவிடும். கைப்பிடி கிடையாது, அடிப்பாகத்தை உள்ளங்கையில் பிடித்து வேலை செய்ய வேண்டியதுதான். இறைச்சி வெட்டலாம், எலும்பு உடைக்கலாம், கிழங்கு தோண்டலாம். இதற்குக் கைக்கோடரி என்று பெயர்.

பல்லாவரத்தில் ஃபூட் எடுத்தது பழைய கற்கால மனிதனின் கருவி. இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுதான்! இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் அந்தக் குவியல் ஏதாவது ஒரு சாலைக்கு அடியில் போயிருக்கும். அதற்கு முன்னால் எத்தனை கைக்கோடரிகள் அப்படிப் போயினவோ!

ஆனால் ஒரே ஒரு கல்லை வைத்துக்கொண்டு உலகத்தை நம்ப வைக்க முடியுமா? யாராவது வேறு ஊரிலிருந்து கொண்டுவந்து போட்டிருக்கலாம் என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அதுவும் குழிக்கு வெளியே கிடந்த கல். பிரான்சில் சிரித்தவர்களைப் போல இங்கேயும் சிரிக்க ஆள் இருக்காதா? ஃபூட் தேடுவதை நிறுத்தவில்லை.

நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 28-ஆம் தேதி, அவரும் உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் இருந்தார்கள். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து அதிக தூரம் இல்லாத சின்ன ஊர் அது. சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். அங்கே மழைத் தண்ணீர் மண்ணை அறுத்து அறுத்து ஓர் ஓடையை உண்டாக்கியிருந்தது. ஓடை பாய்ந்து சேரும் ஆறு கொசஸ்தலை. ஓடையின் கரையிலும் தரையிலும் கற்கருவிகள் கிடந்தன. ஒன்று இரண்டு அல்ல, ஏராளம்! மண் அடுக்குக்குள் பதிந்தும் கிடந்தன. இனி யாரும் கொண்டுவந்து போட்டது என்று சொல்ல முடியாது.

அங்கே ஏன் அத்தனை கருவிகள்? பக்கத்தில் இருக்கும் அல்லிக்குழி மலைதான் காரணம். அந்த மலைப் பகுதியில் குவார்ட்சைட் என்ற உறுதியான கல் உருண்டை உருண்டையாகக் கிடைக்கிறது. தட்டினால் நன்றாகச் சில்லு பெயரும். குடிக்க ஆற்றுத் தண்ணீர், வேட்டையாடக் காடு, கருவி செய்யக் கல்... கற்கால மனிதனுக்கு வேறென்ன வேண்டும்? ஒண்டிக்கொள்ளப் பக்கத்திலேயே குடியம் மலைக் குகைகளும் இருக்கின்றன.

ஃபூட் கண்டதையெல்லாம் எழுதினார். 1866-ஆம் ஆண்டு சென்னையில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. 1868-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த உலகத் தொல்பழங்கால மாநாட்டில் சென்னைக் கற்களைப் பற்றிப் பேசினார். ஐரோப்பாவில் கிடைத்த கோடரிகளும் பல்லாவரத்துக் கோடரியும் அண்ணன் தம்பி போல இருந்தன. அத்தனை கடல் தாண்டி, அத்தனை மலை தாண்டி இருந்த மனிதர்கள் ஒரே மாதிரி கருவியைச் செய்திருக்கிறார்கள்!

பல்லாவரத்துக் குன்றுகளைப் பற்றி இன்னொரு செய்தி. ஃபூட்டுக்கு நேரடியாகச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொல்கத்தா நகரம் உருவாகக் காரணமானவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் ஒரு கறுப்புக் கல் இருக்கிறது. அது என்ன கல் என்று ஹாலண்ட் என்ற நிலவியலாளர் ஆராய்ந்தார். சென்னைக்குத் தெற்கே பல்லாவரம் பக்கத்தில் கிடைக்கும் கல் அது! 1893-ஆம் ஆண்டு அந்தப் பாறைக்கு 'சார்னகைட்' என்று பெயர் வைத்தார். இன்றும் உலகம் முழுவதும் அந்தப் பாறைக்கு அதுதான் பெயர்.

ஃபூட்டிடம் திரும்புவோம். தமிழோடு அவருக்கு ஓர் உறவும் இருந்தது. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு சேர்ந்து பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தவர், ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டிப் புத்தகமாகப் போட்டவர். மாமனார் பழமொழி சேர்த்தார், மருமகன் கல் சேர்த்தார்!

அலுவலகம் எங்கெல்லாம் அனுப்பியதோ அங்கெல்லாம் ஃபூட் போனார். இன்றைய கர்நாடகத்தில் கோகாக் பக்கத்தில் ஓர் ஓடைக்கரையில் அவருக்கு ஒரு காண்டாமிருகத்தின் எலும்புகள் கிடைத்தன. இப்போது அங்கே காண்டாமிருகம் இருக்கிறதா என்ன? என்றோ அழிந்துபோன இனம் அது. 1874-ஆம் ஆண்டு அதைப் பற்றிப் படங்களோடு எழுதினார். ஃபூட் நன்றாகப் படம் வரைவார். மலைகளையும் பாறைகளையும் தானே வரைந்து அறிக்கைகளில் சேர்த்துவிடுவார்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது அவருடைய பல்லாரிப் பயணங்கள்தான்.

பல்லாரிப் பக்கம் போனால் கட்டாந்தரையில் பெரிய பெரிய சாம்பல் மேடுகளைப் பார்க்கலாம். அது என்ன சாம்பல்? அங்கே உள்ளவர்கள் ஒரு கதை சொல்லி வந்தார்கள். பீமன் கொன்ற அரக்கனை எரித்த சாம்பலாம் அது! ஃபூட் அரக்கன் கதையைக் கேட்டுக்கொண்டார். சாம்பலையும் ஆராய்ந்தார். அது மாட்டுச் சாணம் எரிந்த சாம்பல் என்ற முடிவுக்கு வந்தார். புதிய கற்கால மக்கள் மந்தை மந்தையாக மாடு வளர்த்து, பட்டியில் அடைத்து, சேர்ந்த சாணத்தை எரித்திருக்கிறார்கள். எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பல பத்தாண்டுகள் விவாதம் நடந்தது. ஆல்ச்சின் என்ற தொல்லியல் அறிஞர் 1950-களில் உட்னூர் என்ற இடத்தில் இப்படி ஒரு மேட்டைத் தோண்டியபோது மாட்டுக் குளம்புத் தடங்களே கிடைத்தன! அரக்கன் போய் மாடு வந்தது.

அதே பகுதியில் சங்கனகல்லு, குப்கல் என்ற ஊர்களுக்கு நடுவே பாறை மலைகள் இருக்கின்றன. அதில் ஒரு மலையின் மேல் டோலரைட் என்ற கரும்பாறை நீளமாக ஓடுகிறது. புதிய கற்கால மக்கள் அந்தப் பாறையை உடைத்துக் கோடரி செய்திருக்கிறார்கள். உடைத்த சில்லுகளும், பாதி செய்து கைவிட்ட கோடரிகளும், தேய்த்துப் பளபளப்பாக்கிய பள்ளங்களும் அங்கே நிறைந்து கிடந்தன. அதாவது அது நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கல்குவாரி. கூடவே கோடரித் தொழிற்சாலையும்கூட! ஃபூட் அதைக் கண்டு உலகத்துக்குச் சொன்னார். அந்த மலையில் தட்டினால் மணி போல ஒலிக்கும் பாறைகளும் உண்டு.

பின்னாளில் அந்த மலைகளைச் சுற்றி நம் காலத்துக் கல்குவாரிகள் வந்துவிட்டன. வெடி வைத்துப் பாறையைப் பெயர்த்ததில் பழைய தடயங்கள் பல அழிந்துபோயின. பழைய குவாரியைப் புதிய குவாரி தின்றது. ஃபூட் அன்று குறித்து வைத்ததால்தான் எது இருந்தது, எது போனது என்பதாவது நமக்குத் தெரிகிறது.

1884-ஆம் ஆண்டு ஃபூட்டுக்கு வேறு மாதிரி வேலை ஒன்று வந்தது. ஆந்திராவின் கர்நூல் பகுதியில் பில்லா சுர்கம் என்ற குகைகள் இருக்கின்றன. சுண்ணாம்புப் பாறையில் தண்ணீர் குடைந்த குகைகள். அவற்றைத் தோண்டிப் பார்த்தால் பழங்கால மனிதனைப் பற்றித் தெரியலாம் என்று இங்கிலாந்தின் புகழ்பெற்ற விஞ்ஞானி ஹக்ஸ்லி, சென்னை கவர்னருக்கு யோசனை சொல்லியிருந்தார். அந்த வேலை ஃபூட்டிடம் வந்தது. ராணுவத்தில் இருந்த அவருடைய மகன் ஹென்றியும் சேர்ந்துகொண்டார். குகைகளுக்கு எலும்பு வீடு, உத்தரிப்பு ஸ்தலம், தேவாலயம் என்கிற மாதிரி பயங்கரமான பெயர்களை எல்லாம் ஆங்கிலத்தில் வைத்தார்கள். மாதக்கணக்கில் மண்ணை அடுக்கு அடுக்காக எடுத்தார்கள். பல வகை மிருகங்களின் எலும்புகள் கிடைத்தன. இங்கேயும் ஒரு காண்டாமிருகம்! அதற்குக் கர்நூலின் பெயரையே சேர்த்துப் பெயர் வைத்தார்கள்.

1891-ஆம் ஆண்டு 33 வருடப் பணிக்குப் பிறகு ஃபூட் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பேச்சுக்குத்தான். பரோடா சமஸ்தானத்துக்காகக் குஜராத்தில் சுற்றினார். பிறகு மைசூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்தார். அறுபது வயதுக்கு மேலும் ஆற்றங்கரைகளில் குனிந்தே நடந்தார். அவர் கண்டுபிடித்த தொல்பழங்கால இடங்கள் மட்டும் நானூறுக்கு மேல்.

கடைசியில் அவர் குடியிருக்கத் தேர்ந்தெடுத்த ஊர் சேலத்துக்கு மேலே இருக்கும் ஏற்காடு. சேர்வராயன் மலைக் கிராமங்களில் ஓர் அதிசயத்தைப் பார்த்தார். வழவழப்பான புதிய கற்காலக் கோடரிகளை மலைவாழ் மக்கள் பிள்ளையார் கோயில்களில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நிலத்தில் கிடைத்த அந்தக் கற்கள் சாதாரணமானவை அல்ல என்று அவர்களுக்கும் எப்படியோ தெரிந்திருக்கிறது!

நாற்பது ஆண்டுகளில் ஃபூட்டிடம் ஆயிரக்கணக்கில் கற்கருவிகளும் பானை ஓடுகளும் சேர்ந்துவிட்டன. சும்மா குவித்து வைத்திருந்தால் அதுவும் ஒரு சரளைக் குவியல்தான். ஒவ்வொன்றும் எந்த ஊரில், எந்த இடத்தில் கிடைத்தது என்று அவர் எழுதி வைத்திருந்தார். 1904-ஆம் ஆண்டு சென்னை அரசு அருங்காட்சியகம் அந்தத் தொகுப்பை விலைக்கு வாங்கியது. வயதான காலத்தில் ஃபூட் உட்கார்ந்து அத்தனைக்கும் பட்டியல் எழுதினார்.

அந்தப் பட்டியல் புத்தகமாக வருவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் தேதி, கொல்கத்தாவில் 78-வது வயதில் இறந்தார். அவருடைய அஸ்தியை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்து, அங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் வைத்தார்கள். பட்டியல் 1914-ஆம் ஆண்டும், அதற்கான விளக்க நூல் 1916-ஆம் ஆண்டும் வெளிவந்தன.

தன் கையில் இருந்த கற்களுக்கு எத்தனை வயது என்பது ஃபூட்டுக்குத் தெரியாது. அன்று அதைக் கணக்கிட வழி இல்லை. 1999-ஆம் ஆண்டு முதல் சாந்தி பப்பு என்ற தொல்லியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் அத்திரம்பாக்கத்தில் பல ஆண்டுகள் தோண்டினார்கள். தரைமேல் கிடக்கும் கல்லில் விண்வெளிக் கதிர்கள் படும்போது சில தனிமங்கள் மிகச் சிறிய அளவில் உண்டாகும். கல் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்துவிட்டால் கதிர் படாது. உண்டானவை மெல்ல மெல்லக் குறையத் தொடங்கும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்தால், கல் எப்போது புதைந்தது என்று தெரிந்துவிடும். இப்படியும் வேறு முறையிலும் கணக்கிட்டு, 2011-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கைக்கோடரிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள்!

ஃபூட் சேர்த்த கற்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானவை. பூண்டியிலும் தொல்பழங்காலக் கருவிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பல்லாரியில் உள்ள அருங்காட்சியகத்துக்கு ஃபூட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அத்திரம்பாக்கம் பாதுகாக்கப்பட்ட இடம். பார்க்கப் போகிறவர்கள் அங்கே கிடக்கும் கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. கல் எந்த இடத்தில் கிடந்தது என்பது தெரியாமல் போனால், அதன் வயதைச் சொல்ல யாராலும் முடியாது.